சம்பளப் பிடித்தமும் முதலாளியின் பொறுப்பும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் செவிக்கு இன்பம் தருவதன்று. வரி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே, எழுந்து பந்திக்குப் போய்விடலாமா என்று சிலர் வாசலைப் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். இலை போட இன்னும் முக்கால் மணி நேரம் செல்லும் என்று சமையற்காரர் சொல்லியிருக்கிறபடியால், அதுவரையில் பொறுத்திருக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

இவ்விஷயத்தை நாமாகத் தேடிப் போகவில்லை. அது நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. நமது சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் சிறிய போஜனசாலை ஒன்று நடத்திவருகிறார். பெயரும் ஊரும் சொல்வதற்கில்லை. அவருடைய தகப்பனார் இதோ இக்கூட்டத்தில்தான் இருக்கிறார், அவர் சம்மதத்தின்பேரிலேயே பேசுகிறோம். கடையில் வேலையாட்கள் ஐந்து பேர். கல்லாவை மனைவி கவனித்துக்கொள்கிறார். சம்பளக் கணக்குப் போடுவதும், அதிலிருந்து வரி பிடிப்பதும், பிடித்ததை உரிய தேதியில் சர்க்காருக்குச் செலுத்துவதும் அடுப்படியில் நிற்பவருக்கு ஆகிற காரியமல்லவென்று எண்ணி, 2017-ஆம் வருஷத்தில் இவற்றையெல்லாம் சம்பளப் பட்டுவாடாக் கம்பெனி ஒன்றினிடம் ஒப்படைத்தார். அந்த நாட்டில் இத்தகைய கம்பெனிகள் ஊர்தோறும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பெனியார் அவருடைய பாங்குக் கணக்கிலிருந்து சம்பளத் தொகையையும் வரித் தொகையையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். வேலையாட்களுக்குச் சம்பளம் நாள் தவறாமல் போய்ச் சேரும். இன்ன வரி இவ்வளவு என்று அச்சிட்ட சீட்டும் வந்துவிடும். சீட்டு வந்துவிட்டால் வேறென்ன வேண்டும்? பிள்ளையாண்டான் நிம்மதியாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

2018-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், பகற்சாப்பாட்டுக் கூட்டம் நிரம்பியிருந்த சமயத்தில், வரி இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் கடைக்குள் வந்து தமது அடையாளச் சீட்டைக் காட்டி, இரண்டு காலாண்டுகளின் சம்பள வரி வரவில்லை என்றார். நம் பிள்ளை பதறி, அலமாரியைத் திறந்து, கம்பெனி அனுப்பிய சீட்டுக்கள் அனைத்தையும் மேஜைமேல் பரப்பினார். வந்தவர் கோபிக்கவில்லை; ஒவ்வொன்றாக வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு இவை அத்தாட்சி. கம்பெனி சர்க்காருக்குக் கொடுத்தது என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. நாம் இங்கே பேசுவதெல்லாம் அதைப் பற்றியதே.

முதலில் அந்நாட்டு ஏற்பாட்டைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஐக்கிய நாடுகளில் வேலையாளின் முதுமைக்காலத்து உபகாரச் சம்பளத்துக்கென்று சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்வது 1937-ஆம் வருஷத்தில் ஆரம்பித்தது. அப்பொழுது வேலையாள் நூற்றுக்கு ஒன்று, முதலாளி நூற்றுக்கு ஒன்று. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் வருஷத்தில், வருமான வரியையும் சம்பளத்திலேயே பிடித்துவிட வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். இப்பொழுது சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவிகிதம், மெடிக்கேர் என்னும் வைத்திய உதவிக்கு 1.45 சதவிகிதம், ஆக 7.65 சதவிகிதம் வேலையாள் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. அதே அளவு முதலாளியும் தம் கையிலிருந்து போடவேண்டும். இதற்கு மேல் வேலையாளின் வருமான வரிப் பிடித்தம் வேறு. மாகாண சர்க்காரின் பிடித்தம் தனி. அதற்குள் இன்று புகவில்லை. இந்தத் தொகைகளைச் சிறிய முதலாளிகள் மறுமாதம் 15-ஆம் தேதிக்குள்ளும், பெரிய முதலாளிகள் சம்பளம் கொடுத்த சில தினங்களுக்குள்ளும் செலுத்தியாகவேண்டும். காலாண்டு முடிந்ததும் 941-ஆம் நெம்பர் பாரத்தில் கணக்குக் காட்டவேண்டும்.

இவற்றில் வேலையாளிடமிருந்து பிடித்த பாகம் இருக்கிறதே, அது முதலாளியின் பணமன்று. சட்டத்தின் 7501-ஆம் பிரிவு, அது சர்க்காருக்காக முதலாளி கையில் இருக்கும் தர்மகர்த்தாச் சொத்து என்று விதிக்கிறது. கோயில் உண்டியலைத் திறந்து எண்ணிய பணம் தர்மகர்த்தாவின் மடியில் ஒரு நாள் இருந்தாலும் அது சுவாமியின் பணமேயன்றி அவருடையதாகாதென்பது நம்மவருக்கு விளக்கவேண்டிய விஷயமன்று. அந்தப் பணத்தைக் கோயிலில் கட்டும்படி தர்மகர்த்தா ஒரு கூலியாளிடம் கொடுத்தனுப்ப, அவன் வழியில் ஓடிவிட்டால், ஊரார் யாரைக் கேட்பார்கள்? கூலியாளைப் பிடித்துவரச் சொல்வார்கள், வாஸ்தவம். ஆனால் அதற்காகத் தர்மகர்த்தாவை விட்டுவிடுவார்களா?

இன்னொரு விசேஷத்தையும் கவனிக்கவேண்டும். சம்பளத்திலிருந்து வருமான வரி பிடிக்கப்பட்டுவிட்டதென்றால், முதலாளி அதைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், வேலையாள் கட்டியதாகவே அந்நாட்டு சர்க்கார் அவர் கணக்கில் வரவு வைத்துக்கொடுக்கிறது. பாத்திரம் தேய்க்கிற கிழவருக்கும், மேஜை துடைக்கிற பையனுக்கும் ஒரு காசும் நஷ்டமில்லை. நஷ்டம் பொக்கிஷத்துக்கே. இவ்வளவு தாராளமாக வேலையாளைக் காப்பாற்றுகிற சட்டம், முதலாளியிடம் கடுமையாகத்தான் இருக்கமுடியும். அந்தக் கடுமையைப் பற்றிக் குறை கூறுமுன், அதன் மறுபக்கத்தில் யார் காப்பாற்றப்படுகிறார் என்பதையும் பார்ப்பது நியாயம்.

நம் பிள்ளையின் சரியான கணக்கைச் சபையில் விரிப்பது முறையன்று. ஒரு மாதிரிக் கணக்குச் சொல்கிறோம். வேலையாட்கள் ஐந்து பேர், ஆளுக்கு மாதம் 3,000 டாலர், ஆகச் சம்பளம் 15,000 டாலர். வேலையாட்களின் பங்கு 7.65 வீதம் 1,147 டாலர் 50 சென்ட். முதலாளியின் பங்கும் அவ்வளவே. வருமான வரிப் பிடித்தம் 1,200 டாலர் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஒன்றுக்குச் செலுத்தவேண்டியது 3,495 டாலர். ஆறு மாதத்துக்கு 20,970 டாலர். இந்தப் பணத்தை முதலாளி ஒருமுறை கொடுத்தாயிற்று, கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. சர்க்காருக்கு மறுபடியும் கொடுக்கவேண்டும். தாமதத்துக்கு அபராதம், ஐந்து நாள் வரையில் நூற்றுக்கு 2, பதினைந்து நாள் வரையில் 5, அதற்கு மேல் 10. நோட்டீஸ் வந்தும் பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் 15. பத்து சதவிகிதம் என்று போட்டாலே 2,097 டாலர் ஆகிறது. வட்டி வேறு. தோசை விற்று இதைச் சம்பாதிக்க எத்தனை நாள் ஆகுமென்று தாய்மார்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"நாம் குற்றம் செய்யவில்லையே! தொழில் தெரிந்தவனை நம்பிக் கொடுத்தோமே! அது நியாயமான காரணமாகாதா?" என்று நம் பிள்ளை கேட்டார். அவர் மட்டுமல்ல, அந்நாட்டில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான காரணம் இருந்தால் அபராதத்தைத் தள்ளிவிடலாமென்று சட்டத்திலேயே இடமிருக்கிறபடியால் அது வீண் கேள்வியுமன்று. இதற்கு அடிப்படையான தீர்ப்பு, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1985-ஆம் வருஷத்தில் பாயில் என்பவரின் வழக்கில் அளித்ததாகும். அது சம்பள வரி வழக்கன்று. இறந்துபோன தாயாரின் ஆஸ்தியை நிர்வகித்த மகன், ஆஸ்தி வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் காரியத்தை வக்கீலிடம் விட்டிருந்தார். அவ்வப்போது விசாரித்தும் வந்தார். வக்கீல் ஆபீஸில் கடைசித் தேதியைக் குறிப்பேட்டில் எழுதத் தவறிவிட்டார்கள். கணக்கு மூன்று மாதம் பிந்திப் போயிற்று. அபராதம் 17,124 டாலர் 45 சென்ட். மகனுக்காக அனுதாபப்படாதவர் யார்? இருந்தாலும் அபராதம் செல்லுமென்றே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று.

அத்தீர்ப்பில் கண்ட ஒரு வித்தியாசம் மிகவும் நுட்பமானது. இந்த வரி நமக்கு உண்டா இல்லையா என்பதுபோன்ற சட்ட சம்பந்தமான சந்தேகத்தில் வக்கீல் சொன்ன யோசனையை நம்பி நடப்பது நியாயமே. அதை ஒத்துப் பார்க்கும் கல்வி கட்சிக்காரருக்கு இல்லை. ஆனால், கெடு எந்தத் தேதி, அந்தத் தேதியில் காகிதம் போயிற்றா என்பதைப் பார்க்கப் பெரிய கல்வி வேண்டியதில்லை. அதைப் பிறரிடம் ஒப்படைத்தேன் என்பது காரணமாகாது. இந்தக் கோட்பாட்டை வைத்துக்கொண்டே பின்னர்ச் சம்பள வரி வழக்குகளையும் கோர்ட்டார் தீர்த்து வந்திருக்கிறார்கள். 2007-ஆம் வருஷத்தில் மூன்றாவது வட்டார அப்பீல் கோர்ட்டில், குழந்தை வைத்தியர்களின் ஸ்தாபனம் ஒன்று வழக்காடிற்று. சம்பளக் காரியம் பார்த்த ஏஜெண்டு வரிப் பணத்தைக் கையாடிவிட்டதாக அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். கையாடியது உண்மையாயிருந்தும் அபராதம் நீங்கவில்லை.

ஒரு சிறு கம்பெனி மோசம் செய்ததை வைத்துக்கொண்டு எல்லோரையும் பயமுறுத்துகிறோம் என்று எண்ணவேண்டா. நியூயார்க் மாகாணத்தில் கிளிப்டன் பார்க் என்னும் ஊரிலிருந்த மைபேரோல்ஹெச்ஆர் என்ற கம்பெனி ஏறக்குறைய நாலாயிரம் முதலாளிகளுக்குச் சம்பளப் பட்டுவாடா செய்துவந்தது. 2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அது திடீரென்று கதவை அடைத்துவிட்டது. அப்பொழுது நடந்த விபரீதம் என்னவென்றால், வேலையாட்களின் பாங்குக் கணக்கில் ஏற்கெனவே விழுந்துவிட்ட சம்பளமே திரும்ப எடுக்கப்பட்டது. இடையில் நின்று பணத்தை மாற்றிவிட்ட வேறொரு கம்பெனி, தனக்கு வரவேண்டிய தொகை வராமற்போகவே அவ்வாறு திருப்பிற்று. மாத வாடகைக்கு வைத்திருந்த பணம் காலையில் இருந்தது, மாலையில் இல்லை. கம்பெனியின் சொந்தக்காரர் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2021-ஆம் வருஷத்தில் பன்னிரண்டு வருஷம் சிறைத்தண்டனை அடைந்தார். ஆனால் திருடன் சிறை புகுந்தால் கடன் தீர்ந்துவிடுமா? ஏஜெண்டு மோசம் செய்து தண்டனை அடைவதும், முதலாளி வரி கட்டுவதும் ஒன்றையொன்று தள்ளுபடி செய்யாத வெவ்வேறு கணக்குகள்.

இனி, பொறுப்பு ஒருபோதும் மாறவே மாறாதா என்றால், மாறுகிற இடமும் உண்டு. இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். வெளியே பெயர்ப்பலகை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சட்டம் வெவ்வேறு. முதலாளியின் நெம்பரிலேயே கணக்கை அனுப்பிப் பணத்தைக் கட்டித்தரும் சாதாரணக் கம்பெனியினால், முதலாளியின் பொறுப்பு ஓர் இம்மியும் குறைவதில்லை. ரிப்போர்ட்டிங் ஏஜெண்டு என்று 8655-ஆம் நெம்பர் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறவர்களும் இந்த வகையே. இன்னொரு வகை, 2678-ஆம் பாரத்தின் மூலம் இலாகாவின் அனுமதி பெற்று நியமிக்கப்படும் ஏஜெண்டு. இவரை நியமித்தால் ஏஜெண்டும் பொறுப்பு, முதலாளியும் பொறுப்பு. சர்க்காருக்கு இரண்டு கடனாளிகள் கிடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையாட்களைத் தங்கள் ஆட்கள்போலவே பாவித்துக்கொண்டு, தங்கள் நெம்பரிலேயே வரி கட்டும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவற்றில் இலாகாவின் சர்ட்டிபிகேட் பெற்றவை என்று ஒரு ஜாதி உண்டு. 2014-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்டது இது. அப்படிச் சர்ட்டிபிகேட் பெற்ற கம்பெனி, தான் சம்பளம் கொடுக்கும் கடையாட்களின் வரிக்குத் தானே பொறுப்பாகிறது, கடைக்காரர் விடுபடுகிறார். அதற்காகக் கம்பெனி முந்திய வருஷத்து வரியில் நூற்றுக்கு ஐந்து வீதம், 50,000 டாலருக்குக் குறையாமலும் 10 லட்சம் டாலருக்கு மேற்படாமலும் ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுக்கவேண்டும். இந்தக் கம்பெனிகளின் ஜாபிதாவை இலாகாவே வெளியிடுகிறது. சர்ட்டிபிகேட் இல்லாமல் இதே வியாபாரம் செய்கிறவர்களிடம் போனால், அவர்கள் கட்டத் தவறும்போது கடைக்காரரையே மறுபடி பிடிப்பார்கள். ஆகையால் கையெழுத்துப் போடுமுன் "நீங்கள் எந்த வகை?" என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். நம் பிள்ளை கேட்கவில்லை. எத்தனை டாலர் கூலி என்று மட்டும் கேட்டார்.

மோசம் ஒருபுறமிருக்க, வெறும் கைப்பிசகு எவ்வளவு? சதவிகிதத்தைத் தவறாகப் போடுதல், ஒரு காலாண்டின் பணத்தை இன்னொரு காலாண்டில் வரவு வைத்தல், முதலாளியின் நெம்பரில் ஓர் இலக்கம் மாறிப்போதல் இவையெல்லாம் நாணயமான கம்பெனியிலும் நேரக்கூடியவை. அப்பொழுதும் சர்க்கார் பார்ப்பது முதலாளியின் முகத்தையே. முதலாளி முதலில் கட்டிவிட்டுப் பிறகு கம்பெனியைக் கேட்கவேண்டும். கேட்டால் கிடைக்குமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. "எங்கள் பிசகினால் வந்த அபராதத்தை நாங்கள் கொடுப்போம்" என்று நல்ல கம்பெனிகள் எழுதித் தருகின்றன. அதன் கீழேயே, முதலாளி தவறான விவரம் கொடுத்தாலும் தாமதமாகக் கொடுத்தாலும் பாங்கியில் பணம் போதாமலிருந்தாலும் இந்த வாக்குறுதி செல்லாதென்றும், எக்காரணத்தாலும் எங்கள் பொறுப்பு நாங்கள் வாங்கிய கூலிக்கு மேற்படாதென்றும் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். மேல்வரியைப் படித்துச் சந்தோஷப்படுகிறவர் அநேகர். கீழ்வரியைப் படிக்கிறவர் சிலர்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய ஓர் அம்சம் உண்டு. இதற்காகவே இப்பிரசங்கத்தைக் குடும்பத்தோடு கேட்கும்படி அழைத்தோம். கடையைக் கம்பெனியாக ரிஜிஸ்தர் செய்துவிட்டால் கடன் கம்பெனியோடு போய்விடும், வீட்டைத் தொடாது என்பது பொதுவான எண்ணம். சம்பளப் பிடித்தத்தில் அது செல்லாது. வேலையாளிடம் பிடித்துக் கட்டாமல் விட்ட பாகத்துக்கு, அதாவது நம் மாதிரிக் கணக்கில் மாதம் 2,347 டாலர் 50 சென்ட், ஆறு மாதத்துக்கு 14,085 டாலருக்கு, பொறுப்பான மனிதர் யாரோ அவரையே நேரில் பிடிக்க 6672-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பொறுப்பான மனிதரென்பவர் முதலாளி ஒருவரே என்பதில்லை. செக்கில் கையெழுத்திடவும், எந்தக் கடனை முதலில் தீர்ப்பதென்று முடிவு செய்யவும் அதிகாரமுள்ள பங்காளியோ, மனைவியோ, மைத்துனரோ அதில் அகப்படலாம். இன்சால்வென்ஸி கொடுத்தாலும் இந்தக் கடன் கரையாது.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மனமறிந்து கட்டாமல் விட்டிருக்கவேண்டும். ஏஜெண்டு மோசம் செய்தது தெரியாமலிருந்த காலத்துக்கு, மனமறிந்து விட்டார் என்று சொல்வது கடினம். ஆனால் தெரிந்தபிறகு? கடைக்கு வரும் பணத்தை எடுத்து, "மளிகைக்காரர் நெருக்குகிறார், முதலில் அவருக்கு" என்று கொடுத்துவிட்டு வரியை நிறுத்திவைத்தால், அதுவே மனமறிந்த செய்கையாகிவிடும். நம்மவருடைய சுபாவம் நமக்குத் தெரியும். சரக்குக் கொடுத்தவனுக்கு நாணயமாக நடக்கவேண்டும், சர்க்கார் எங்கும் ஓடிவிடாது என்று நினைப்போம். மளிகைக்காரரிடம் நாணயம் காட்டுவது நல்ல குணமே. ஆனால் இந்த ஒரு பணத்தில் அந்த வரிசை செல்லாது. நம் பிள்ளையின் மனைவி உத்தியோகஸ்தர் வந்த அன்றைக்கே, மறுநாள் போகவேண்டியிருந்த சரக்குச் செக்கைக் கிழித்துவிட்டாராம். சட்டம் தெரிந்தா, தெரியாமலா என்று நாம் விசாரிக்கவில்லை. அதனால் தப்பித்த தொல்லை கொஞ்சமல்ல.

கடிதத்தின் கதையையும் சொல்லவேண்டும். மோசக்கார ஏஜெண்டு முதலில் செய்யும் காரியம், முதலாளியின் விலாசத்தைத் தன் விலாசமாக மாற்றி இலாகாவுக்கு எழுதிவிடுவதே. பிறகு பாக்கி நோட்டீஸ் எல்லாம் அவனுக்கே போகும். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தந்திரத்தினால் பலர் கெட்டபடியால், 2014-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், சம்பள வரி விஷயமாக விலாசம் மாறினால் பழைய விலாசத்துக்கும் புது விலாசத்துக்கும் இரண்டு கடிதம் அனுப்பவேண்டுமென்று விதித்தது. மோசம் போன முதலாளிகள் பாக்கியைக் குறைத்துத் தீர்த்துக்கொள்ள விண்ணப்பித்தால் விசேஷமாகக் கவனிக்கவேண்டுமென்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் பிள்ளையின் கடைக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருந்தது. பிரிக்கப்படாமல், கல்லாப் பெட்டிக்குக் கீழ் இழுப்பறையில், மின்சார பில்களுக்கு நடுவே ஏழு மாதம் கிடந்தது. "எல்லாம் கம்பெனிக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று அதை ஒதுக்கிவைத்தவர் நம் பிள்ளையேதான். அதை அவர் மறைக்கவில்லை. மேலும், ரிப்போர்ட்டிங் ஏஜெண்டு ஒவ்வொரு முதலாளிக்கும் ஒப்பந்தத்தின்போதும், பிறகு காலாண்டுக்கு ஒருமுறையேனும், "கெடுவுக்குள் வரி சேர்வதற்கு நீங்களே பொறுப்பு" என்று எழுத்தில் தெரிவிக்கவேண்டுமென்பது இலாகாவின் விதி. அந்த வாசகமும் அவருக்கு வந்த சீட்டுக்களின் அடியில் அச்சாகியிருந்தது. திருடனே எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் திருடியிருக்கிறான்.

இதெல்லாம் நியாயந்தானா என்று இளைஞர்கள் கேட்கலாம். வரித் தொகையை முதலாளி மறுபடி கட்டுவது நியாயமென்றே நாம் கருதுகிறோம். ஏஜெண்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர், வேலையாளுமல்ல, ஊராருமல்ல. நஷ்டத்தை யாரேனும் தாங்கவேண்டுமென்றால், தேர்ந்தெடுத்தவர் தாங்குவதில் அநீதி இல்லை. அபராத விஷயத்தில் நமக்கு அவ்வளவு திருப்தியில்லை. சோம்பலால் கட்டாதவரையும், ஒருமுறை கொடுத்துத் திருட்டுக் கொடுத்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று. முந்திய மூன்று வருஷம் ஒழுங்காக இருந்தவருக்கு முதல் அபராதத்தை மன்னிக்கும் வழக்கம் இலாகாவில் இருப்பது சிறிது ஆறுதல். அதைவிட நமக்கு விளங்காதது ஒன்று. சர்ட்டிபிகேட் பெற்ற கம்பெனியிடம் லட்சக்கணக்கில் ஜாமீன் கேட்கும் அதே சர்க்கார், ஆயிரக்கணக்கான கடைகளின் வரிப் பணத்தைக் கையில் வாங்கும் சாதாரணக் கம்பெனியிடம் மத்திய லைசென்ஸோ ஜாமீனோ கேட்பதில்லை. பாங்கு வைக்க இத்தனை காவல் இருக்கும்போது, இதற்கு மட்டும் ஏன் இல்லை? அந்த நாட்டில் வோட்டுள்ள நம்மவர் இதைத் தங்கள் பிரதிநிதிகளிடம் கேட்கலாம்.

இங்கே ஊரில் கடையும் ஆலையும் வைத்திருப்போர், இது அக்கரைச் சமாசாரமென்று கேட்டுக்கொண்டிருக்கவேண்டா. நம் நாட்டிலும் சம்பளத்தில் வருமான வரி பிடித்துக் கட்டும் கடமை சம்பளம் கொடுப்பவருடையதே. 1961-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படியே வைத்தது. அதன் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் தேதியை ஆரம்பமாகக் கொண்டு இயற்றப்பட்ட 2025-ஆம் வருஷத்துச் சட்டமும் அதை மாற்றவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் ஒப்படைத்தோமென்பது இங்கும் விடையாகாது. பிடித்த வரியை முதலாளி கட்டாவிட்டால் வேலையாளை நேரில் கேட்கக்கூடாதென்று நம் சட்டமும் சொல்கிறது. ஆனால் நடைமுறையில், பணம் கட்டப்படாமல் வரி இலாகா ஏட்டில் தம் பெயரில் வரவு காணாத வேலையாள், ஆபீஸுக்கும் கடைக்கும் நடையாய் நடக்கவேண்டியிருக்கிறது. நம் கடைச் சிப்பந்தி ஒருவர் அப்படி நடந்தால், தெருவில் பேசப்படுவது ஆடிட்டர் பெயரன்று.

கம்பெனிகளிடம் கொடுக்கவே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. நாணயமாக வேலை செய்கிறவர்களே அதிகம். அவர்களில்லாமல் சிறிய கடைக்காரர் பாடு திண்டாட்டமே. கணக்குப்பிள்ளை வைத்துக்கொண்ட நம் பாட்டனார்கள் பேரேட்டைப் பாராமலா இருந்தார்கள்? மாலையில் கடை கட்டுமுன் ஒருமுறை இருப்பை எண்ணிப் பார்த்துத்தான் சாவியை இடுப்பில் செருகினார்கள். கணக்குப்பிள்ளைக்கும் அதில் மனவருத்தம் ஏற்பட்டதில்லை.

அமெரிக்காவில் அந்த இருப்பைப் பார்க்க வழி சுலபமாகவே இருக்கிறது. ஈ.எப்.டி.பி.எஸ். என்னும் சர்க்கார் ஏற்பாட்டில் முதலாளி தம் பெயரில் தனியே பதிவு செய்துகொண்டால், தம் நெம்பரில் எந்தத் தேதியில் எவ்வளவு பணம் வந்து சேர்ந்ததென்பதைக் கம்ப்யூட்டரில் தாமே பார்க்கலாம். கட்டணம் இல்லை. கம்பெனியின் சீட்டை ஒரு கையிலும் அந்தக் கணக்கை ஒரு கையிலும் வைத்து ஒத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஏஜெண்டு தன் நெம்பரில் கட்டுகிற வகையானால் இப்படிப் பார்க்க முடியாது. அதனாலேயே எந்த வகை என்று முதலில் கேட்கச் சொன்னோம். விலாசத்தை மட்டும் எக்காரணத்தாலும் கம்பெனியின் விலாசமாக எழுத விடலாகாது.

நம் பிள்ளை இப்பொழுது வேறொரு கம்பெனியிடம் சம்பளக் காரியத்தைக் கொடுத்திருக்கிறார். பழைய பாக்கியை இலாகாவோடு பேசித் தவணையாகக் கட்டி முடித்தார். அதற்காகப் புதுக் கார் வாங்கும் யோசனை போயிற்று, தங்கையின் கல்யாணத்துக்கு அவர் அனுப்புவதாகச் சொன்ன தொகையில் பாதியைத் தகப்பனார் இங்கே நிலத்தின்பேரில் வாங்கினார். ஓடிப்போன கம்பெனியிடமிருந்து இதுவரையில் ஒரு டாலரும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி காலையில், அடுப்புப் பற்றவைக்குமுன், கணவனும் மனைவியும் கல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கார் கணக்கைத் திறந்து பார்க்கிறார்களாம். அந்த இழுப்பறைக்கு இப்பொழுது மனைவியிடம்தான் சாவி. வருகிற கடிதம் எதுவாயினும் அன்றே பிரித்துவிடுகிறார்.

சமையற்காரர் வாசலில் வந்து நிற்கிறார். அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்போர், பந்தி முடிந்தபிறகு இவ்விஷயமாக ஏதேனும் கேட்கவேண்டுமானால், நாம் மேற்குத் தாழ்வாரத்தில்தான் இருப்போம். நோட்டீஸ் ஏதேனும் வந்திருந்தால் அதைக் கையோடு கொண்டுவரலாம்.